எல்லாவற்றுக்கும் ‘ஆமா’ சொன்னவள்

அந்தப் படிவத்தில் என் தொழில் ‘வியாபாரம்’ என்று இருந்தது. ஆண்டு வருமானம் பதினெட்டு லட்சம். அரசு ஆஸ்பத்திரிகளில் முப்பத்திரண்டு வருடம் நர்ஸாக நின்று, கால் நரம்பெல்லாம் புடைத்துப்போய் ஓய்வு பெற்றவள் நான். என்னை யாரோ இரண்டு வரியில் வியாபாரி ஆக்கியிருந்தார்கள். அதுவும் எந்த வங்கி? மாதம் தவறாமல் என் பென்ஷனை வரவு வைக்கிற அதே வங்கி. நான் யார், எனக்கு எவ்வளவு வருகிறது என்று என் கணவருக்குத் தெரிவதைவிட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

நடந்தது இதுதான். வேலையின் கடைசி ஒன்பது வருடம் ஸ்ரீவில்லிபுத்தூரில். வீடு ராஜபாளையத்தில். கணவர் நூற்பாலையில் எலக்ட்ரீஷியனாக இருந்து எனக்கு முன்னாலேயே ஓய்வு பெற்றவர். மகளுக்குக் கல்யாணமாகிக் கோயம்புத்தூரில் இருக்கிறாள். நான் ஓய்வு பெற்று நான்கு மாதம் கழித்து கிராஜுவிட்டியும் மற்றதும் மொத்தமாகக் கணக்கில் விழுந்தது. விழுந்த அன்றைக்கே வங்கியிலிருந்து போன்.

பேசியவன் எங்கள் சபைப் பையன். சின்ன வயதில் கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பன் வேஷம் போட்டு நின்றதைப் பார்த்திருக்கிறேன். அவன் அம்மாவும் நானும் மாதர் சங்கத்தில் பத்து வருடப் பழக்கம். இப்போது வங்கியில் ரிலேஷன்ஷிப் மேனேஜர்.

“ஆன்ட்டி, இம்புட்டுப் பணத்தையும் சும்மா சேவிங்ஸ்ல போட்டு வச்சிருக்கீங்களே, மனசு கேக்கல. நம்ம ஆன்ட்டின்னு சொல்லுதேன். சீனியர் சிட்டிசனுக்குன்னு ஸ்பெஷலா ஒண்ணு வந்திருக்கு. இந்த வாரத்தோட முடியுது.”

“டெபாசிட்தானப்பா?”

“டெபாசிட் மாதிரிதான் ஆன்ட்டி. ஒரு தடவை போட்டாப் போதும். அதைவிட மேல.”

‘மாதிரி’ என்ற சொல்லை நான் அங்கேயே பிடித்திருக்க வேண்டும். மருந்து மாதிரி ஒன்றை யாராவது என்னிடம் நீட்டியிருந்தால் ஊசியில் ஏற்றியிருப்பேனா? ஆனால் மறுநாள் போய் உட்கார்ந்த வங்கி அறையில் ஏசி ஓடியது, டீ வந்தது, பையன் என் மகளைப் பற்றி விசாரித்தான். ஐந்து லட்சத்துக்குக் கையெழுத்துப் போட்டேன். பென்சிலால் சின்னச் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டு வைத்திருந்தான். பதினேழு இடம்.

“கம்பெனியிலேருந்து ஒரு போன் வரும் ஆன்ட்டி. தமிழும் இங்கிலீஷும் கலந்து வேகமாக் கேப்பாங்க. எல்லாத்துக்கும் ‘ஆமா’ன்னு சொல்லிருங்க. இல்லேன்னா திரும்ப முதல்லேருந்து ஆரம்பிக்கணும்.”

போன் வந்தபோது அவன் எதிரிலேயே உட்கார்ந்திருந்தான். நானும் ஆமா, ஆமா, ஆமா என்று சொல்லி முடித்தேன். ஒவ்வொரு ஆமாவுக்கும் அவன் தலையாட்டினான்.

சரியாக ஒரு வருடம் கழித்து, துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது போனில் ஒரு செய்தி. இரண்டாம் ஆண்டுப் பிரீமியம் ஐந்து லட்சம் ரூபாய், தவறாமல் கட்டவும். யாருக்கோ வரவேண்டியது தவறி வந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். கணவர் வாங்கிப் பார்த்தார். “உன் பேருதான் போட்டிருக்கு” என்றார்.

மறுநாள் இரண்டு பேரும் வங்கிக்குப் போனோம். பையன் அதே சிரிப்போடு எழுந்து நின்றான். அது ஆயுள் காப்பீட்டுப் பாலிசியாம். ஐந்து வருடம், வருடத்துக்கு ஐந்து லட்சம் கட்ட வேண்டுமாம். பாதியில் நிறுத்தினால், முதல் வருடம் கட்டியதில் ஏறக்குறைய ஒன்றும் திரும்பாதாம்.

“நீ ஒரு தடவைன்னுதானப்பா சொன்ன?”

அவன் நாற்காலியை லேசாகத் திருப்பி என் கணவரைப் பார்த்தான். “அங்கிள், நீங்கதான் ஆன்ட்டிக்குப் புரிய வைக்கணும். இது லாங் டேர்ம் பிளான்.”

என் கணவர் அதிகம் பேசுகிறவர் இல்லை. “பணம் அவளோடது. அவளைப் பாத்துப் பேசுங்க தம்பி” என்றார். இத்தனை வருட வாழ்க்கையில் அவர் பேசியதில் எனக்கு மிகப் பிடித்த வாக்கியம் அது.

மேனேஜர் அறைக்குப் போனோம். அவர் கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார். “கையெழுத்து உங்களோடதுதானே மேடம்?”

“என்னோடதுதான்.”

“அப்புறம் என்ன?”

அந்த ‘அப்புறம் என்ன’வை நான் இன்னும் மறக்கவில்லை. ஐந்து லட்சம் என்பது அவருக்கு ஒரு எண். எனக்கு அது எத்தனை நைட் டூட்டி என்று எனக்குத் தெரியும். வீட்டில் என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று தெரிந்தும் அடுத்தவர் பிள்ளைக்கு ஈரத்துணி போட்டுக்கொண்டு நின்ற இரவுகள் அவை.

பாலிசிப் புத்தகம் என் கைக்கு வரவே இல்லை. கேட்டபோது, இமெயிலில் அனுப்பியாகிவிட்டது என்றார்கள். எந்த இமெயிலுக்கு? என் பெயரும் நான்கைந்து எண்களும் சேர்ந்த ஒரு முகவரிக்கு. எனக்கு அப்படி ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் தெரியும். வேண்டாமென்றால் முப்பது நாளுக்குள் திருப்பித் தரலாம் என்று அதில் எழுதியிருந்ததாம். நான் திறக்கவே முடியாத பெட்டிக்குள் அந்த முப்பது நாளும் கழிந்துவிட்டன.

மூன்று தடவை வங்கிக்கு நடந்தபிறகு படிவத்தின் நகலைக் கொடுத்தார்கள். நான்கு சாயங்காலம் உட்கார்ந்து, புரியாத இங்கிலீஷ் வார்த்தைக்கெல்லாம் போனில் அர்த்தம் பார்த்துப் படித்தேன். மூன்றாவது பக்கத்தில்தான் நான் வியாபாரி ஆகியிருந்தேன். பென்ஷன்காரி என்று எழுதியிருந்தால் வருடத்துக்கு ஐந்து லட்சம் எப்படிக் கட்டுவாள் என்று காப்பீட்டுக் கம்பெனி கேட்டிருக்கும். அதற்காக என் வாழ்க்கையையே மாற்றி எழுதிவிட்டார்கள்.

கம்பெனிக்குப் புகார் எழுதினேன். பதிலாக என் குரலையே எனக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கம்பெனியின் கிளையில் ஒரு பெண் போனை ஸ்பீக்கரில் வைத்தாள். ‘இது காப்பீட்டுப் பாலிசி என்பது தெரியுமா?’ ‘ஆமா.’ ‘ஐந்து ஆண்டுகள் பிரீமியம் செலுத்த வேண்டும் என்பது தெரியுமா?’ ‘ஆமா.’ வார்டில் இருபது கட்டிலுக்கும் கேட்கிற மாதிரிப் பேசிப் பழகிய குரல், அன்றைக்கு வகுப்பில் முதல் வரிசைப் பிள்ளை மாதிரி ஆமா போட்டுக்கொண்டிருந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்று வீட்டுக்கு நடந்து வருகிறபோதுதான் ஆலங்குளத்துக்காரர் நினைவுக்கு வந்தார். பல வருடத்துக்கு முன்னால், சுண்ணாம்புக்கல் வெட்டுகிற இடத்தில் கால் நசுங்கி வந்தவர். ஆபரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து வாங்க நான்தான் படிவத்தை நீட்டினேன். “இதுல என்ன எழுதியிருக்கு சிஸ்டர்?” என்று கேட்டார். எனக்கு அன்றைக்கு ஏழு கேஸ். “எல்லாருக்கும் உள்ளதுதான். போடுங்க, டாக்டர் காத்திருக்காரு” என்று சொல்லிவிட்டேன். அவர் போட்டார். கால் பிழைத்தது. ஆனால் அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்குத் தோன்றிய கேள்வி எனக்கு அந்த ஏசி அறையில் தோன்றவில்லை. இதை நினைக்க வெட்கமாக இருந்தது. அதற்காக வங்கியின் மேல் இருந்த கோபம் குறையவில்லை. நான் அவசரத்தில் தப்பு செய்தேன். இவர்கள் டீ வாங்கிக் கொடுத்து, நிதானமாக, பென்சிலால் குறி போட்டுச் செய்தார்கள்.

வங்கிக்குள் என் புகார் பற்றிய பேச்சு பரவியதும் பையனின் அம்மா வீட்டுக்கு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து, வேதாகமத்தைக் கையில் வைத்தபடியே நேராக வந்துவிட்டாள். நான் காபி போட்டுக் கொடுத்தேன். குடிக்கவில்லை.

“அக்கா, அவனுக்கு மேல எம்புட்டு பிரஷர்னு ஒங்களுக்குத் தெரியாது. மாசத்துக்கு இத்தனை பாலிசி பிடிக்கலைன்னா நிக்க வச்சுப் பேசுதாங்களாம். நீங்க மேல மேல எழுதினா அவன் வேலை போயிரும்.”

“எனக்கு அவன் வேலை போகணும்னு ஆசை இல்ல. எம் பணத்தைக் குடுத்திட்டா நான் ஏன் எழுதுதேன்?”

“அவன் வேணும்னு செய்யலக்கா. அவன் மனசு அப்படிப்பட்டது இல்ல. அவுக அப்பா இறந்தப்ப, அவுக வேலை பாத்த பேண்டேஜ் கம்பெனியில குடுத்த பணத்தைக்கூட, பாலிசி கீலிசி ஒண்ணும் வேண்டாம்மான்னு, தபாலாபீஸ்லதான் போட்டுக் குடுத்தான். அம்புட்டுப் பொறுப்பு.”

சொல்லிவிட்டு அவளே நிறுத்திக்கொண்டாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவளுக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். தன் தாய்க்கு எது நல்லது என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டுதான் எனக்கு மற்றதைக் கொடுத்திருக்கிறான்.

“நீ வீட்டுக்குப் போம்மா” என்றேன். அன்று மாலையே காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கிற மேல் அலுவலகத்துக்கு எழுதி, பென்ஷன் வரவு காட்டுகிற பாஸ்புக் பக்கங்களையும் அந்த மூன்றாம் பக்கத்தையும் சேர்த்து அனுப்பினேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. கம்பெனிக்காரர் என் ஆமாக்களையெல்லாம் வரிசையாகச் சொன்னார். விசாரித்தவர் வயதான மனிதர். அவர் ஒரே கேள்விதான் கேட்டார். “இவங்க பென்ஷன் உங்க வங்கிக் கூட்டாளிகிட்டதானே வருது? அப்புறம் எப்படி வியாபாரின்னு எழுதினீங்க?” சில வாரங்களில் எனக்குச் சாதகமாகத் தீர்ப்பாகி, கட்டிய ஐந்து லட்சம் அப்படியே திரும்பி வந்தது. வட்டி இல்லை. மன்னிப்பு என்று ஒரு வார்த்தை இல்லை. பையனைத் தென்காசிப் பக்கம் மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன்.

இனி அந்தப் பணத்தை என்ன செய்வது என்று வீட்டில் பேச்சு வந்தது. மீதிப் பணமெல்லாம் ஏற்கெனவே தபால் நிலையத்திலும் வைப்பு நிதியிலும் இருந்தது. இந்த ஐந்து லட்சத்தையும் அங்கேயே போடு என்றார் கணவர். நான் கேட்கவில்லை.

“இனிமே எவன் கையிலயும் குடுக்க மாட்டேன். நானே படிச்சு நானே பாத்துக்கிடுதேன்.”

“செய்யி. ஆனா கோவத்துல செய்யாத” என்றார்.

கோபத்தில்தான் செய்தேன். போனில் ஒரு ஆப் இறக்கி, போன வருடம் அதிக லாபம் கொடுத்த மியூச்சுவல் ஃபண்டு எது என்று தேடி, பட்டியலில் முதலாவதாக இருந்ததில் இரண்டு லட்சம் போட்டேன். பிறகு காய்ச்சல்காரனுக்கு டெம்பரேச்சர் பார்க்கிற மாதிரி நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஏறினால் மனது ஏறும், இறங்கினால் சோறு இறங்காது. இரண்டாவது மாதம் தொடர்ந்து இறங்கவும் பயந்து விற்றேன். பதினோராயிரம் நஷ்டம். இந்தத் தடவை யார்மேல் புகார் எழுதுவது?

அதன்பிறகுதான், எந்தக் கம்பெனியிடமும் கமிஷன் வாங்காமல், நம்மிடம் மட்டும் பீஸ் வாங்கிக்கொண்டு யோசனை சொல்கிற ஆட்கள் தனியாக உண்டு, அவர்கள் அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும் என்று படித்தேன். பதிவானவர்களின் பட்டியலில் எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் அகப்பட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், ஒரு மாடி அறை. ஒன்பது வருடம் வேலைக்குப் போய்வந்த அதே பஸ்ஸில் போனேன்.

அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, ஒரு பெரிய மண்பானையில் தண்ணீர். ஏசி இல்லை, டீயும் வரவில்லை. பதிவுச் சான்றிதழைக் காட்டினார். எனக்கு அவர் என்னென்ன செய்து தர வேண்டியிருக்கும் என்று பத்து நிமிடம் விசாரித்தார். பிறகு தன் பீஸைச் சொன்னார். முழுத் திட்டத்துக்குப் பதினைந்தாயிரம், அடுத்தடுத்த வருடம் ஒரு தடவை சரிபார்க்க நான்காயிரம்.

“பதினஞ்சாயிரமா? வாயால சொல்லுததுக்கா?”

“ஆமாம்மா.”

“பேங்க்ல இதுக்கெல்லாம் ஒரு பைசா வாங்கலையே.”

என் கதையை அவர் ஏற்கெனவே கேட்டிருந்தார். சிரிக்கவில்லை. “வாங்கலையா?” என்று மட்டும் கேட்டார்.

எனக்கு முகம் சூடாகிவிட்டது. எழுந்து வந்துவிட்டேன். பஸ்ஸில் அவரையும் சேர்த்து மனதுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். இவர்களுக்கெல்லாம் ஓய்வு பெற்றவள் என்றால் கறவை மாடா? ஆனால் அந்த ‘வாங்கலையா’ ராஜபாளையம் வரைக்கும் கூடவே வந்தது. வீட்டுக்கு வந்து பாலிசிக் காகிதங்களை மறுபடியும் எடுத்துப் பார்த்தேன். பாலிசியை விற்றதற்காக வங்கிக்குக் கிடைக்கிற பங்கு, பொடி எழுத்தில் ஒரு ஓரமாக இருந்தது. பதினைந்தாயிரத்தைப் போலப் பல மடங்கு. பணம் திரும்பி வரும்வரை அது என் கையிலிருந்துதான் போயிருந்தது. எனக்குத் தெரியாமல் போனதால் அதை இலவசம் என்று நினைத்திருக்கிறேன். கேட்டு வாங்குகிறவர்மேல் கோபப்பட்டேன். கேட்காமல் எடுத்தவனுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்திருந்தேன்.

மூன்று வாரம் கழித்து மறுபடியும் போனேன். இந்தத் தடவை நாள்காட்டித் தாளின் பின்பக்கம் பதினொரு கேள்வி எழுதி எடுத்துப்போனேன்.

“நீங்க சொல்லுத இடத்துல நான் போட்டா, அங்கேருந்து ஒங்களுக்கு என்ன வரும்?”

“ஒண்ணும் வராது.”

“எழுதித் தருவீங்களா?”

எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்தார்.

“எம் பணத்தை நீங்க தொடுவீங்களா?”

“தொட மாட்டேன். செக்கு நீங்களே எழுதணும். நான் ஒங்க பாஸ்வேர்டு கேட்டா, அன்னைக்கே என்னை விட்டுப் போயிருங்க.”

“அப்ப எல்லாத்தையும் நானேதான செய்யணும். நீங்க எதுக்கு?”

“நான் இல்லாமலும் சமாளிக்கலாம்மா. பென்ஷன் இருக்கு, வீடு சொந்தம், கடன் இல்ல. ஒங்களால முடியாத காரியம் இதுல இல்ல. எதுக்கும் ஒங்க காகிதத்தையெல்லாம் ஒரு தடவை பாக்கட்டா?”

எதையோ விற்கப் பார்க்கிறார் என்று அப்போதும் சந்தேகப்பட்டேன். ஆனாலும் பையிலிருந்து எல்லாவற்றையும் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றாகப் புரட்டி வந்தவர், நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் தொடங்கிய ஒரு பழைய சேமிப்பில் நிறுத்தினார்.

“நாமினியா இருக்கிறது யாரும்மா?”

எட்டிப் பார்த்தேன். என் அம்மா. அவள் இறந்து பத்தொன்பது வருடம் ஆகிறது. இதே மாதிரி இன்னும் இரண்டு இடத்தில் இருந்தது. நான் முதலில் போய்விட்டால் என் கணவர் எந்தப் பணத்துக்கு எந்த வாசலில் போய் நிற்க வேண்டும் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை. அவருக்கு மருத்துவக் காப்பீடு இருக்கிறதா என்றுகூட எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நர்ஸின் வீட்டில் இந்த லட்சணம். கோபத்தில் ஒரே ஒரு எதிரியைப் பார்த்துக்கொண்டு, வீட்டுக்குள் இருக்கிற ஓட்டைகளைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன்.

பதினைந்தாயிரத்துக்குச் செக் எழுதினேன். ரசீது கேட்டு வாங்கினேன். அவர் எழுதித் தந்த திட்டத்தின் பக்கம் ஒவ்வொன்றையும் விளக்கச் சொல்லி இரண்டு மணி நேரம் உட்கார வைத்தேன். புரியாத இடத்தில் ‘புரியல’ என்று சொன்னேன். பங்குச்சந்தை ஃபண்டுகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம் என்றார். மாட்டேன் என்றேன். எனக்கு அவ்வளவு தைரியம் இல்லை என்பதைப் பதினோராயிரம் கொடுத்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவர் அதையும் அப்படியே எழுதிக்கொண்டார். முதலீடு செய்தது, நாமினி மாற்றியது, அலைந்தது எல்லாம் நான்தான். வருடத்துக்கு ஒரு தடவை மட்டும் அவரிடம் போய்க் காகிதங்களைக் காட்டிவிட்டு வருகிறேன். நானே பார்ப்பதா, ஆள் வைத்துக்கொள்வதா என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில் இவ்வளவுதான். மற்றவர்களுக்கு இது பொருந்துமா என்று எனக்குத் தெரியாது.

கிளம்புகிறபோது அவரிடம் கேட்டேன். “ஒங்களை மாதிரி ஆளு இந்தப் பக்கம் ஏன் வேற யாரும் இல்ல?”

“பீஸைச் சொன்னதும் எல்லாரும் எந்திரிச்சுப் போயிருதாங்கம்மா. நீங்க போனீங்கல்ல?” என்றார்.

போன மாதம் ஆராதனை முடிந்து வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். பையனின் அம்மா பக்கத்தில் வந்தாள். இரண்டு வருடத்துக்குப் பிறகு அவளாக வந்து பேசினாள்.

“அக்கா, பழசையெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீய. பையனுக்குப் பிரமோஷன் வந்திருக்கு.”

“அப்படியா? என்ன வேலை?”

“ரிட்டயர்டு ஆனவங்களுக்குன்னு தனியா ஒரு பிரிவு ஆரம்பிச்சிருக்காங்களாம். நாலஞ்சு ஊருக்கு அவன்தான் ஹெட்டு.”

அவள் முகத்தில் உண்மையான சந்தோஷம் இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை. வாழ்த்துச் சொல்லவும் வாய் வரவில்லை. “வாரேன்மா” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தேன். வீட்டுக்கு வந்து, சாப்பிடாமல், அந்த வங்கியின் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். என் பாலிசி எண், விசாரணையில் வந்த தீர்ப்பு, அவனுடைய புதிய பதவி என்று எழுதி முடிக்க நான்கு பக்கம் வந்தது. கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்துப் பார்த்துவிட்டு, இரண்டாம் பக்கத்தில் ஒரு எழுத்துப்பிழையை மட்டும் திருத்தினார்.

பதில் இன்னும் வரவில்லை.